காற்றைப் பார்த்துக் கரைக்குப் போங்கள்: மதுரையிலிருந்து கிளிஞ்சலும் கடற்கண்ணாடியும் சுறாப்பல்லும் தேடுவோருக்கு

முதன்முதலில் கிளிஞ்சல் பொறுக்கவென்றே நான் போனது ஒரு தை மாதம், சேதுக்கரைக்கு. மாட்டுத்தாவணியில் விடியுமுன் பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். மூன்று மணி நேரம் குனிந்தே நடந்தும் கிடைத்தது ஒரு கைப்பிடி உடைந்த மட்டி ஓடும் தீராத முதுகுவலியும்தான். கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் இரண்டாம் முறையாக அவரைக் கடந்தபோது வாய் திறந்தார். “என்ன தம்பி தொலைத்துவிட்டீர்கள்?” என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு, “கடலை மாற்றி வந்திருக்கிறீர்கள். வாடை அடிக்கிற மாதத்தில் தென்கடல் தூங்கும். வடக்கே போயிருக்க வேண்டும்” என்றார்.

வடக்குக் கடல் அங்கிருந்து வெகுதூரமில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இந்த வழிகாட்டியை அந்தப் பெரியவர் சொன்ன இடத்திலிருந்தே தொடங்குகிறேன். கடலோரத்தில் குடியிருப்பவன் தினமும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து போகிற மதுரைக்காரனுக்கு ஒரே ஒரு பகல்தான் கையில் இருக்கிறது. அந்தப் பகலை வீணாக்காமல் இருப்பதில்தான் முக்கால்வாசித் திறமை அடங்கியிருக்கிறது.

முதல் வேலை: எந்தக் கடல் என்று முடிவு செய்வது

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள். பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணைப் பகுதி. ஆழமில்லாதது, சேறும் கடல்புல்லும் நிறைந்தது. தெற்கே மன்னார் வளைகுடா. அங்கே அலைக்கு வேகம் அதிகம். பவளத்திட்டுகளும் தீவுகளும் அந்தப் பக்கம்தான் அதிகம். ராமேசுவரம் பக்கத்து மக்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெயர் வைத்தவர்கள் வாடைக்காலத்தில் பெண் கடல் போடும் ஆட்டத்தைப் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

கிளிஞ்சலைக் கரைக்குக் கொண்டுவருவது அலை. அலையை எழுப்புவது காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று பாக் நீரிணைக் கரையை அடித்துக் கலக்குகிறது. ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மன்னார் வளைகுடாக் கரையைக் குலுக்குகிறது. கலங்கும்போது போனால் ஆபத்து, எதையும் பார்க்கவும் முடியாது. கலங்கி அடங்கிய பிறகு போக வேண்டும். ஆகவே கணக்கு இப்படி வருகிறது: தை, மாசியில் வடக்குக் கரை, புரட்டாசியை ஒட்டித் தெற்குக் கரை. இடைப்பட்ட மாதங்களில் ஒரு புயல் சின்னமோ இரண்டு நாள் பலத்த காற்றோ வந்து ஓய்ந்தால், காற்று எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசையைப் பார்த்திருக்கும் கரைக்கு மறுநாள் காலையில் போங்கள்.

சித்திரைத் திருவிழா முடிந்து கோடை விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போவதுதான் நம் ஊர் வழக்கம். கிளிஞ்சலுக்கு அது சுமாரான காலம்தான். ஆனால் பிள்ளைகளுக்கு வடக்குக் கடல் அமைதியாக இருக்கும்.

நிலாவையும் கடிகாரத்தையும் பார்ப்பது

நம் பக்கத்தில் கடல் ஏறி இறங்கும் உயரம் மிகக் குறைவு. ஒரு மீட்டரைக்கூட எட்டாது. குஜராத்துக் கடற்கரையில் கடல் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்குவதைப் படித்துவிட்டு இங்கே வந்தால் ஏமாந்துபோவீர்கள். இருந்தாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் கடல் மற்ற நாட்களைவிட அதிகம் வற்றும். கரை தட்டையாக இருக்கும் இடங்களில் அந்த ஓரடி வித்தியாசமே பத்துப் பதினைந்து தப்படி புது மணலைத் திறந்துவிடும்.

கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை பாம்பனுக்கு இணையத்தில் கிடைக்கிறது. கடல் மிகவும் வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். வற்றிக்கொண்டே போகும் கடலின் பின்னால் நடப்பது ஒன்று, ஏறி வரும் கடலின் முன்னால் நடப்பது வேறு. முன்னதில் கண் நிதானமாக வேலை செய்யும். இந்த நேரம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் போன வாரம் போய்வந்த நண்பரின் கணக்கு உங்களுக்கு உதவாது.

புறப்படுமுன் இன்கோயிஸ் வெளியிடும் கடல் எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் அந்த மத்திய நிறுவனம்தான் கள்ளக்கடல் எச்சரிக்கையும் தருகிறது. உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் எங்கோ தொலைவில் எழுந்த அலை வந்து கரையேறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும். கீழே குனிந்து மணலையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இதைவிட மோசமான எதிரி இல்லை.

எங்கே போவது

புதியவர்களுக்கு அரியமான். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், பிரதான சாலையிலிருந்து வடக்கே திரும்பினால் வரும் பாக் நீரிணைக் கரை இது. சவுக்கு நிழல் உண்டு, கடல் ஆழமில்லை. வாடைக்காலம் முடிந்ததும் கடல்புல் குவியல் குவியலாக ஒதுங்கியிருக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நம்முடைய வேலை அதற்குள்தான் இருக்கிறது.

தெற்குக் கரையில் சேதுக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம். இவற்றில் எனக்குப் பிடித்தது வாலிநோக்கம். பஸ் குறைவு, நிழல் குறைவு, கூட்டமும் குறைவு.

வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊருக்கும் ஒருமுறை போங்கள். கிளிஞ்சலுக்காக அல்ல. மதுரையில் பாலத்தின் மேல் நின்று நாம் பார்க்கும் ஆறு, பாதிக்குமேல் கண்மாய்களில் ஓய்ந்து, மிச்சம் ஏதாவது இருந்தால் அங்கேதான் போய் முடிகிறது. பக்கத்து அழகன்குளத்தில் அகழாய்வு நடந்தபோது ரோமானியப் பானை ஓடுகளோடு சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்தன. மதுரையை ஒட்டிய கீழடியிலும் சங்கு வளையல் உண்டு. வைகைக்கரைக்காரர்கள் கடற்கரைச் சங்கை ஊருக்கு எடுத்துவருவது நேற்று முளைத்த பழக்கமில்லை.

தனுஷ்கோடியைப் பலரும் எதிர்பார்ப்பார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர், இருபுறமும் கடல், அலை ஒதுக்கும் பொருளுக்குக் குறைவே இல்லை. ஆனால் 2025 ஜூனில் தமிழக அரசு அங்கே பூநாரைச் சரணாலயத்தை அறிவித்துவிட்டது. சரணாலய எல்லைக்குள் எதையும் எடுக்கக் கூடாது. அரிச்சல்முனையில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும், குளிக்கவே தடை. பார்க்கப் போங்கள், பையைக் காரிலேயே வைத்துவிட்டு.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. படகுக்காரர் யாராவது “தீவில் நிறையக் கிடக்கிறது, கூட்டிப் போகிறேன்” என்றால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எடுக்கக் கூடாதவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலிக்கும் யானைக்கும் மட்டுமானதில்லை. பவளம் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்து வெளுத்துக் கரையில் கிடக்கும் பவளத் துண்டும் பவளம்தான். கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவையும் அப்படியே. காய்ந்து கிடந்தாலும் தொடாதீர்கள். சிப்பி, சங்கு வகைகளில் பெரிய கொம்புத் தலைக்கவசச் சங்கு, திரைட்டன் எனும் நீண்ட ஊதுசங்கு, ராட்சதச் சிப்பி, நாட்டிலஸ் ஆகியவை பாதுகாக்கப்பட்டவை. விரல் விரித்தாற்போல் இருக்கும் ஐவிரல் சங்கும் பட்டியலில் உண்டு. சில சோழி வகைகளும் உண்டு. முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

என் உறவுக்காரப் பையன் ஒருவன் உள்ளங்கை அளவு பவளக் கல்லைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே அழகுக்கு வைத்துக்கொண்டு வந்தான். வழியில் சோதனையில் நிறுத்தினார்கள். அவர்கள் பொறுமையாகப் பேசி, கல்லை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எல்லா நாளும் அப்படி முடியும் என்று எண்ண வேண்டாம்.

எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன்: உள்ளங்கையை விடப் பெரியது எதுவும் வேண்டாம், பெயர் தெரியாதது வேண்டாம், உள்ளே ஆள் இருப்பது வேண்டவே வேண்டாம். கடைசியாகச் சொன்னதைக் கவனமாகப் பாருங்கள். காலிச் சங்கு போலக் கிடக்கும். உள்ளே துறவி நண்டு கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஈர மணலில் வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் பாருங்கள். இருந்தால் நடக்கத் தொடங்கும். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் பையைக் கட்டிவிட்டேன். மானாமதுரை தாண்டும்போது நாற்றம் கிளம்பியது. பரமக்குடியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, கருவாடு வாங்கினீர்களா தம்பி என்று கேட்டார். ஆம் என்று சொல்லிவிட்டேன்.

கூம்பு வடிவச் சங்கை, அதிலும் வலை பின்னியது போன்ற அழகான கோலம் போட்டதை, உயிரோடு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கையால் எடுக்கவே கூடாது. அந்த நத்தை நஞ்சு தோய்ந்த ஈட்டி போன்ற பல்லைப் பாய்ச்சக்கூடியது. அதன் சில இனங்கள் மனிதனைக் கொன்றிருக்கின்றன, முறிமருந்து கிடையாது. ஆழமில்லாத நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பையில் என்ன

மஞ்சப்பை இரண்டு, ஒன்று கிளிஞ்சலுக்கு, ஒன்று குப்பைக்கு. மூடியுள்ள சின்ன டப்பா, உடையக்கூடியதற்கு. மாவு சலிக்கும் சல்லடை வேண்டாம், கண் அடைத்துக்கொள்ளும். கட்டட வேலைக்கு மணல் சலிக்கும் வலையிலிருந்து ஒரு முழம் வெட்டிச் சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பின்பட்டை உள்ள செருப்பு, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பென்சிலும் துண்டுக் காகிதமும் அவசியம். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.

கரையை வாசிப்பது

கரையில் இறங்கியதும் உடனே குனியாதீர்கள். நின்று பாருங்கள். கடலுக்கு இணையாக ஒன்றோ இரண்டோ மூன்றோ கோடுகள் தெரியும். கடல்புல், குச்சி, நுரை, வலைத்துண்டு, மருந்துச் சீட்டு என்று எல்லாம் சேர்ந்து அலை ஒதுக்கிய கோடுகள் அவை. கீழே இருப்பது இன்று காலையில் விழுந்தது. மேலே, அடப்பங்கொடிக்குப் பக்கத்தில் இருப்பது போன புயலில் விழுந்தது. எல்லோரும் கீழ்க்கோட்டில் நடப்பார்கள். நீங்கள் மேல்கோட்டில் தொடங்குங்கள். பெரிய அலை கொண்டுவந்தது அங்கேதான் இருக்கும். வெயிலில் நிறம் வெளுத்திருந்தாலும் முழுசாக இருக்கும்.

அடுத்தது, பாரம் பிரியும் இடங்கள். அலை, பொருளை எடைவாரியாகப் பிரித்துப் போடும் ஒரு முறம். ஒரே மாதிரி மணலில் திடீரென்று ஒரு திட்டு மட்டும் பொடிக்கல்லும் ஓட்டுத் துண்டுமாக இருந்தால் அங்கே உட்கார்ந்துவிடுங்கள். நடப்பதை நிறுத்திவிட்டுச் சல்லடையை எடுக்க வேண்டிய இடம் அது. பாறைக்குப் பின்னால், கவிழ்ந்த படகின் நிழலில், ஓடை கடலில் கலக்கும் வளைவில் இத்தகைய திட்டுகள் உருவாகும். கடல்புல் குவியலை ஒரு குச்சியால் புரட்டி, உதறி, பழையபடி போட்டுவிடுங்கள். மஞ்சாடி விதை அளவு சங்குகளெல்லாம் அந்தப் புல்லில் ஒட்டிக்கொண்டு வந்தவைதான்.

சூரியனை முகத்துக்கு நேரே வைத்து நடந்தால் கடற்கண்ணாடி ஒளி ஊடுருவி மினுங்கும். முதுகுக்குப் பின்னால் வைத்து நடந்தால் கிளிஞ்சலின் நிறம் நன்றாகத் தெரியும். போகும்போது ஒன்று, வரும்போது மற்றது. உச்சி வெயிலில் எதுவும் தெரியாது, உங்களுக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

என்னென்ன கிடைக்கும்? மட்டி ஓடுகள், வரிவரியான சிப்பிகள், திருகாணி போன்ற நீளச் சங்குகள், சட்டைப் பொத்தான் போலப் பளபளக்கும் தட்டைச் சங்குகள், அவ்வப்போது ஒரு சோழி. வெள்ளையாக, இலேசாக, படகு வடிவில் மிதந்து வந்து கிடப்பது கடல் நுரை. பெயர் நுரை என்றாலும் அது கணவாயின் உள்ளோடு. சித்த மருந்துக்கடையில் விற்பதும் கிளிக்கூண்டில் தொங்கவிடுவதும் இதைத்தான். சில மட்டி ஓடுகளில் துரப்பணம் போட்டாற்போல் ஒரு துளை இருக்கும், விளிம்பு உள்ளே சரிந்து. மாலை கோக்கக் கடவுள் போட்டது என்று என் மகள் சொல்வாள். ஊன் தின்னும் நத்தை ஒன்று மட்டியைக் கட்டிப்பிடித்து, ஓட்டைத் துளைத்து, உள்ளிருந்த உயிரைத் தின்ற வழி அது. அவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு துளை விழுந்த மட்டியை மட்டும்தான் பொறுக்குகிறாள்.

சாதாரணக் கிளிஞ்சலை மட்டமாக நினைக்காதீர்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவர் இன்றும் கண்ணாடியாய் வழுக்குவது கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பால்தான்.

கடற்கண்ணாடி

உடைந்த பாட்டில் துண்டு கடலில் விழுந்து, கல்லோடும் மணலோடும் உரசி உரசிக் கூர் மழுங்கி, பனி படர்ந்தாற்போல் மங்கிய கல்லாக ஒதுங்கினால் அது கடற்கண்ணாடி. உரசல் மட்டும் காரணமில்லை. கண்ணாடியில் மணலோடு சோடாவும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். உப்புநீர் அந்தச் சோடாவை மெல்ல மெல்லக் கரைத்து எடுக்கும்போது மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் விழும். அந்த மங்கல் அப்படி வருவது. பல பத்தாண்டுகள் பிடிக்கும் வேலை.

உலகத்தில் இதற்குப் பெயர்போன இரண்டு கரைகளின் கதையும் ஒன்றுதான். இங்கிலாந்தின் சீஹாமில் 1853 முதல் 1921 வரை ஒரு பாட்டில் ஆலை இருந்தது; கழிவுக் கண்ணாடி கடலுக்குப் போனது. கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராக்கில் 1906 முதல் 1967 வரை ஊர்க் குப்பையைக் கடலோரத்தில் கொட்டினார்கள். ஒரு தலைமுறை செய்த அசிங்கத்தை அடுத்த தலைமுறை நகையாக்கி அணிகிறது.

நம் கரையில் அந்த அளவுக்குக் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காரணம் என்று நான் நினைப்பது இது: காலி பாட்டிலைத் தூக்கி எறிய நம்மவர்களுக்கு மனம் வந்ததில்லை. பழைய பேப்பர் கடையில் அதற்கு விலை உண்டு. தப்பி விழுந்தது மட்டும்தான் நமக்கு. பழைய துறைமுக ஊர்களைச் சுற்றி, கீழக்கரை, பாம்பன், தொண்டி பக்கம் தேடிப் பாருங்கள். வடக்குக் கரையில் அலைக்கு வலு போதாது, மணலும் மென்மை. அங்கே கிடைப்பது பாதி வெந்த சோறு போல ஒரு பக்கம் மங்கியும் ஒரு பக்கம் பளபளத்தும் இருக்கும். கல் பரவிய தெற்குக் கரையில்தான் நன்றாகப் பக்குவப்பட்டது கிடைக்கும். விளிம்பு கூராக இருந்தால் அது கடற்கண்ணாடி இல்லை, வெறும் கண்ணாடி. அதைக் குப்பைப் பையில் போடுங்கள், யார் காலிலாவது குத்தும்.

நிறத்தைப் பார்த்துப் பிறப்பைச் சொல்லலாம். பழுப்பு என்றால் மருந்து அல்லது பீர் பாட்டில். வெள்ளை எதுவாகவும் இருக்கலாம். கடும் நீலம் பெரும்பாலும் பழைய மருந்துக் குப்பி. கிடைத்தால் அன்றைக்கு வேறெதுவும் வேண்டாம். வெளிர் ஊதா இன்னும் சுவையானது. பழைய காலத்தில் கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்க மாங்கனீஸ் சேர்ப்பார்கள். அந்தக் கண்ணாடி பல ஆண்டு வெயில் பட்டால் ஊதா ஆகும். சிவப்பு மிக அபூர்வம்.

பச்சையும் நீலமும் கலந்த தடித்த துண்டு கிடைத்தால் எனக்கு ஒரு நப்பாசை உண்டு. கோலி சோடா பாட்டிலாக இருக்குமோ என்று. 1872ல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. அவருடைய நாட்டில் எப்போதோ மறைந்துவிட்டது, மதுரையில் இன்னும் கழுத்துக்குள் கோலி உருள்கிறது. அந்தப் பாட்டிலின் கண்ணாடி தடிமனானது, கடலில் நெடுநாள் தாங்கும். கழுத்துப் பகுதியின் பிதுக்கம் இருந்தால் சந்தேகமில்லை. இதுவரை எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, அதுவும் பாதி.

இணையத்தில் விற்கும் கடற்கண்ணாடியில் பெரும்பங்கு இயந்திரத்தில் உருட்டியது. எல்லாப் பக்கமும் ஒரே சீராக மங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். கடல் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்யாது. உருப்பெருக்கியில் பார்த்தால் உண்மையான துண்டில் பிறை வடிவத்தில் சின்னச் சின்னத் தழும்புகள் தெரியும்.

சுறாப்பல்

இதற்காக ராமேசுவரக் கரையைச் சல்லடை போடாதீர்கள். என் பெரியப்பா மகன் அமெரிக்காவில் புளோரிடாவில் இருக்கிறான். அங்கே வெனிஸ் என்றொரு ஊரின் கடற்கரையில் பொறுக்கிய கறுப்புப் பற்களை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தான். அதைப் பார்த்துவிட்டு நான் இரண்டு வருடம் நம் கரையில் தேடி அலைந்தேன். ஒன்றுகூட இல்லை. பிறகுதான் புரிந்தது. அங்கே கடலடியில் லட்சக்கணக்கான ஆண்டுப் பழைய படிவுகள் இருக்கின்றன. அலை அதை அரித்துப் பல்லைக் கரைக்குத் தள்ளுகிறது. ராமேசுவரம் தீவின் பவளக்கல்லோ புவியியல் கணக்கில் நேற்றுப் பிறந்தது. இங்கே கிடைத்தால் கிடைப்பது மீனவர் வலையிலிருந்து விழுந்த வெள்ளைப் புதுப்பல்தான்.

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு, மக்கிவிடும். பல் மட்டும் கெட்டி. அதுவும் ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் பல் உதிர்க்கும். வரிசை வரிசையாகப் பின்னாலிருந்து புதுப்பல் நகர்ந்து வரும். உதிர்ந்த பல் சேற்றில் புதைந்து, காற்றுப் படாமல், மண்ணின் தாதுக்களை உறிஞ்சிக்கொண்டே கிடந்தால் கறுப்பு, சாம்பல், பழுப்பு என்று நிறம் மாறிக் கல்லாகிறது. ஆக, வெள்ளையாக இருந்தால் புதுசு, கறுத்துக் கனத்தால் பழசு. மெகலோடான் என்ற பேருருவச் சுறாவின் பல் 18 சென்டிமீட்டர் வரைகூட இருக்கும். அது மறைந்து ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

கண்ணைப் பழக்க மதுரையிலேயே ஒரு வழி இருக்கிறது. மீன் மார்க்கெட்டில் பால்சுறா விற்கும் கடைக்காரரிடம் தலையைக் கேளுங்கள். சுறாப்புட்டுக்கு உடலை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் தலையை விட்டுவிடுவார்கள், சும்மாவே தருவார். வெந்நீரில் போட்டுத் தாடையைப் பிரித்து, மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் எப்படி வேறுபடுகின்றன, வேர் எப்படி இரண்டாகக் கவைத்திருக்கிறது என்று பாருங்கள். மொட்டை மாடியில் செய்யுங்கள். சமையலறையில் செய்து நான் வாங்கிய பேச்சு போதும்.

பழைய சுறாப்பல்லின் நாடு நமக்கும் உண்டு. ஆனால் அது கடலோரத்தில் இல்லை, அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் இருக்கிறது. டைனோசர் காலத்தில் அங்கே கடல் இருந்தது. 1862லேயே பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் அந்தப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதினார். காரை கிராமத்துச் செம்மஞ்சள் களிமேடுகளில் அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் சுருள் ஓடுகளோடு சுறாப்பற்களும் பதிவாகியிருக்கின்றன. துப்பாக்கிக் குண்டு போன்ற பழுப்புக் கற்களும் அங்கே இறைந்து கிடக்கும். பெலம்னைட் என்ற, கணவாயின் பழங்கால உறவினத்தின் உள்ளோடு அவை. முதல்முறை போகிறவர்கள் இவற்றைப் பல் என்று குதிப்பார்கள். பல் என்றால் முக்கோணம், பளிங்கு மினுமினுப்பு, அடியில் மங்கலான வேர். இவை மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்.

மதுரையிலிருந்து சென்னை ரயிலில் ஏறினால் திருச்சி தாண்டி அரியலூர் வரும். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். சாத்தனூரில் படுத்துக் கிடக்கும் கல்மரம் 18 மீட்டர் நீளம், தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். இந்த இடங்களில் பார்ப்பதும் படம் எடுப்பதும் மட்டும்தான். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். களிமேட்டில் ஒரு பல் கண்ணில் பட்டால், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அது கிடந்த நிலையிலேயே விட்டுவிடுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் ஆய்வாளருக்கு அந்தப் பல்லால் பயன். என் மேசை டிராயருக்கு வந்துவிட்டால் அது வெறும் கல்.

கடையில் வாங்குவதானால்

கரையில் ஒன்றும் கிடைக்காத ஏமாற்றத்தில் ராமேசுவரம் கடைவீதியில் பர்ஸைத் திறக்கும் மனநிலை வரும். வலம்புரிச் சங்கு விஷயத்தில் மட்டும் ஒரு சொல். நம் கடலின் சங்கு இயல்பில் இடம்புரி. வலம்புரி பிறப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் அமெரிக்கக் கடலில் மின்னல் சங்கு என்று ஓர் இனம் இருக்கிறது. அது பிறப்பிலேயே வலம்புரியாகச் சுருள்வது. அதை வெள்ளையடித்து வலம்புரி என்று விற்கிறார்கள். வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். நம் சங்கில் மூன்று நான்கு மடிப்பு வரம்பு போலத் தட்டுப்படும். அமெரிக்கச் சங்கில் வழவழவென்றிருக்கும். விற்பவர் விரல் விட விடமாட்டேன் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு

கண்ணாடிக்கு ஒரு நாள் நல்ல தண்ணீர் போதும். கிளிஞ்சலை இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றி, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். சங்கின் உள்மடிப்பில் எதாவது ஒட்டியிருந்தால் பூந்தொட்டி மண்ணில் வாய் கீழாகப் புதைத்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் எறும்பு வேலையை முடித்துவிடும், கூலியும் கேட்காது. பாசிக்கறை போகாவிட்டால் ப்ளீச்சிங் திரவத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து சில மணி நேரம் வைக்கலாம்.

புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் கூடாது. கிளிஞ்சல் என்பது சுண்ணாம்பு. புளிப்புப் பட்டால் கரையும். என் அம்மா, பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு, நான் வைத்திருந்த நல்ல சோழிகள் ஏழையும் புளி போட்டுத் துலக்கி வெயிலில் பரப்பி வைத்தார். மினுமினுப்பு மொத்தமும் போய்விட்டது. அவற்றைத் தாயம் ஆட வைத்துக்கொண்டோம்.

காய்ந்த பிறகு ஒரு துளி தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவினால் நிறம் திரும்பும். அதிகம் தடவினால் தூசி ஒட்டும்.

பலரும் கோட்டைவிடுவது சேமிப்பில். மரப்பெட்டி, அட்டைப்பெட்டி, பஞ்சு இவற்றிலிருந்து கசியும் அமில ஆவி கிளிஞ்சலில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பைன் (Byne) நோய் என்று இதற்குப் பெயர், ஆனால் தொற்று எதுவும் இல்லை, வெறும் வேதியியல். பூத்தது போகாது. காற்றுப் புகும் பிளாஸ்டிக் டப்பாவோ எவர்சில்வர் டப்பாவோ நல்லது. பழைய எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி மிகப் பொருத்தம், கடுகு வாசனையை மட்டும் போக்கிவிட வேண்டும்.

ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுச் சீட்டு: தேதி, கரை, காற்று, கடல் வற்றியிருந்ததா ஏறியிருந்ததா. என் பெட்டியில் முதல் சீட்டு இப்படி இருக்கிறது: “சேதுக்கரை, தை, வாடை. உடைந்த மட்டி. கடல் மாறி வந்தது.”